நாலாம் வரிசை

வெள்வேல மரத்துக்கு யாராவது ஊர் கேட்பார்களா? மங்கலத்தைத் தாண்டி எட்டு கிலோமீட்டர் உள்ளே போனால் வரும் அந்தப் பொட்டல் காட்டில் கேட்டார்கள். ஒன்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உடம்பெல்லாம் முள்ளும் வெளுத்த பட்டையுமாக, ஆட்டுக்குக் காய் உதிர்த்துவிட்டுத் தன் பாட்டுக்கு நிற்கிற மரம் அது. அதைப் போய் நீ காங்கயமா, தாராபுரமா, ராமநாதபுரமா என்று விசாரித்து, ஊருக்கு ஒரு வரிசையாக ஆறு வரிசை நட்டு, ஒவ்வொன்றுக்கும் நம்பர் கொடுத்து, மாதம் தவறாமல் அளந்து எழுதுவதற்குப் படித்தவர்களால்தான் முடியும். அந்த நூற்றைம்பது மரத்தோடும் ஒற்றை ஆளாகக் கிடப்பதற்கு மருதாளால்தான் முடியும்.

மருதாளுக்கு ஐம்பத்தொரு வயது. அதில் பத்தொன்பது வருஷம் சிவசுப்பிரமணியத்தின் பனியன் கம்பெனியில், கட்டிங் செக்‌ஷனில், நம்பரிங் வேலை. வெட்டி விழுகிற ஒவ்வொரு துண்டிலும் சின்ன ஸ்டிக்கர் ஒட்டி, இருபத்தைந்து துண்டை ஒரு பண்டலாகக் கட்டித் தையலுக்கு அனுப்ப வேண்டும். எல்லாம் ஒரே நீலம்தானே என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். சாயப்பட்டறையில் முதல் தடவை முக்கிய துணிக்கும் அடுத்த தடவை முக்கிய துணிக்கும் மயிரிழை நிறம் மாறும். அதற்குத்தான் லாட் நம்பர். ஒரு லாட்டின் முன்பக்கத்தோடு வேறு லாட்டின் கையைச் சேர்த்துத் தைத்துவிட்டால், கடையில் தெரியாது, வெயிலில் போட்டுக்கொண்டு நின்றால் தெரிந்துவிடும். மருதாள் கட்டிய பண்டலில் லாட் மாறியதே கிடையாது. இருபத்தைந்து இருக்க வேண்டிய இடத்தில் இருபத்து நாலு போனதும் கிடையாது. ஒன்று குறைந்து போனால் சூப்பர்வைசர் நாற்பது பேர் முன்னால் நிற்க வைத்து மானத்தை வாங்குவார். ஆகவே ஒரு துண்டு கறையாகிவிட்டால், கிழிந்துவிட்டால், அவள் யாருக்கும் சொல்ல மாட்டாள். மிச்சத் துணியில் இன்னொன்று வெட்டச் சொல்லி, அதே நம்பரை ஒட்டி, எண்ணிக்கையைச் சரியாக்கிவிட்டுத்தான் மூச்சு விடுவாள். கம்பெனியில் நாணயம் என்றால் அதுதான்.

புருஷன் முருகேஷ் நூல் லோடு ஏற்றிக்கொண்டு சூரத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தவன். ஒரு தடவை போனவன் அங்கேயே ஒரு குடும்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டான். பிள்ளை கிடையாது. பஞ்சுத் தூசியில் இருமல் பிடித்து, கட்டிங் டேபிளின் பக்கத்தில் நிற்க முடியாமல் போனபோது முதலாளி கூப்பிட்டார். சாயப்பட்டறை போடலாம் என்று வாங்கி, பட்டறை வராமல் சும்மா கிடந்த நிலத்தில் ரெண்டு ஏக்கரை ஒரு பெண்ணுக்கு மரம் நடக் கொடுத்திருந்தார். "காவலுக்கு ஒரு ஆள் வேணும் மருதாளு. காத்து நல்லா இருக்கும். நம்பர் தப்பாம பார்த்துக்கோணும், அது உன்னைய விட்டா யாரு?" என்றார். ஒரு அறை, ஒரு தொட்டி, சிமெண்டு ஓட்டுக் கூரை. காற்று நன்றாகத்தான் இருந்தது. பேச்சுத் துணைக்கு ஆள்தான் இல்லை.

அந்தப் பெண்தான் யாழினி. அப்போது இருபத்து நாலு வயது, கோயம்புத்தூரில் காட்டு மரங்களைப் பற்றி டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். முதல் நாளே ஈர மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு மருதாளுக்கு விளக்கினாள்.

"ஒரே மரந்தானுங்க்கா எல்லாம். ஆனா விதை எந்த ஊர்ல விழுந்துச்சோ, அந்த ஊரு மழையும் மண்ணும் அதுக்குப் பழகியிருக்கும். அதைக் கொண்டாந்து இங்க வெச்சா எப்படி வளரும், எது நிக்கும், எது நிக்காது, அதைப் பார்க்கணும்."

"லாட்டு மாதிரிங்களா கண்ணு?"

யாழினி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுக் கைதட்டிச் சிரித்தாள். "அதேதான்க்கா! லாட்டேதான்!"

அன்றைக்கு மத்தியானம் தன் டிபன் பாக்ஸைத் திறந்து மருதாளின் தட்டில் பாதியைப் போட்டாள். கேட்காமலே போட்டாள். முருகேஷ் போன பிறகு மருதாளின் தட்டில் இன்னொரு கை சோறு போட்டது அதுதான் முதல் தடவை. அந்தப் பெண்ணுக்காக இனி எதையும் செய்யலாம் என்று மருதாளுக்கு அப்போதே தோன்றிவிட்டது. அங்கேதான் வம்பு ஆரம்பம்.

ஆறு ஊர் விதை. ஊருக்கு இருபத்தைந்து செடி. நாலாம் வரிசை, உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே மலையடிவாரத்திலிருந்து வந்தது. அங்கே மழைக்குக் குறைவில்லை. 2016 ஐப்பசியில் நட்டார்கள். கிளம்பும்போது யாழினி பேரேட்டை மருதாளின் கையில் கொடுத்துச் சொன்னாள்: "நம்பர் மட்டும் பத்திரம்க்கா. ஒண்ணுகூடக் குறையக் கூடாது. தையிலருந்து தண்ணி ஊத்தாதீங்க. அதுங்களா தாக்குப் பிடிக்குதான்னு பார்க்கணும்." பிறகு எட்டு மாதம் வடக்கே எங்கோ பயிற்சிக்குப் போய்விட்டாள்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. தை, மாசி தாண்டிப் பங்குனி வந்தபோது மண் பாளம் பாளமாக வெடித்தது. மருதாள் சொன்ன சொல்லை மீறாதவள். தொட்டியில் தண்ணீர் இருந்தது, பக்கத்திலேயே செடி சுருண்டது, ஒரு சொம்புகூட ஊற்றவில்லை. மற்ற வரிசைகளில் இங்கொன்றும் அங்கொன்றுமாக ஐந்து காய்ந்தன. நாலாம் வரிசையில் மட்டும் பதினேழு. ஒவ்வொன்றாக இலை உதிர்த்து, குச்சியாகி, கிள்ளினால் உள்ளே பச்சை இல்லாமல் போயிற்று. பதினேழையும் பிடுங்கி அடுப்பில் வைத்தாள். ஒரு டம்ளர் டீ கொதிக்கவும் அது போதவில்லை.

இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்றுகூடக் குறையக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போன பெண்ணுக்கு என்ன பதில் சொல்வது? கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று நினைப்பாள். வேறு ஆளைப் போடச் சொல்வாள். மூன்றாம் நாள், பச்சை வலைக்குக் கீழே பையில் மிச்சமிருந்த நாற்றுகளைப் போய்ப் பார்த்தாள். ஐந்து ஓட்டைகளையும் அந்தந்த ஊர் நாற்றாலேயே அடைத்துவிட்டாள். மலையடிவாரத்து நாற்று ஒன்றுகூட மிச்சமில்லை. காங்கயத்து நாற்று முப்பது, முழங்கை உயரத்துக்குக் கொழுகொழுவென்று நின்றது.

லாட் மாறுகிறது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. பத்தொன்பது வருஷம் செய்யாத காரியம். இலையைப் பிடித்துப் பார்த்தாள், முள்ளைப் பார்த்தாள், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சித்திரையில் ஒரு மழை பெய்த மறுநாள் விடிகாலையில் பதினேழு குழி தோண்டி, பதினேழு காங்கயத்து நாற்றை வைத்து, வேர் பிடிக்கிற வரைக்கும் ஒரு மாதம் தண்ணீரும் ஊற்றி, பழைய நம்பர் தகட்டையே பக்கத்தில் குத்தினாள். இருபத்தைந்து ஆயிற்று. அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினாள், பாவி.

ஆனியில் யாழினி வந்தாள். நாலாம் வரிசையின் முன்னால் நின்று, ஒரு தடவை எண்ணி, நம்பாமல் மறுபடியும் எண்ணினாள்.

"அக்கா! இருபத்தஞ்சும் நிக்குதுங்க்கா! இந்தக் கோடையில! மலைக்காட்டு விதை நிக்காதுன்னு எங்க சார் அடிச்சுச் சொன்னாரு!"

மருதாளைத் தோளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயைத் திறந்தாள் என்றுகூட எழுதலாம், ஆனால் அது பொய். அவள் வாயைத் திறக்கவே இல்லை. கட்டிக்கொண்ட கை விலகுகிற வரைக்கும் அசையாமல் நின்றாள்.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம். மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை யாழினி வருவாள். மருதாள் அளவுக் கம்பைப் பிடிப்பாள், நாடாவை மரத்தில் சுற்றி எண்ணைச் சொல்வாள், யாழினி எழுதுவாள். மத்தியானம் இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். யாழினி எல்லாவற்றையும் சொல்வாள். கல்யாணம் நிச்சயமானதை, ஆனதை, ரெண்டே வருஷத்தில் ஆகாமல் போனதை, எல்லாவற்றையும் அந்தக் காட்டில்தான் சொல்லி அழுதாள். மருதாள் கேட்டுக்கொண்டிருப்பாள். அந்த ஒரு நாளைக்காக மீதி இருபத்தொன்பது நாளைத் தள்ளுவாள். நாலு நாள் பேசாமல் இருந்துவிட்டு ஐந்தாம் நாள் தன் குரலைத் தானே கேட்டுத் திடுக்கிடுகிறவர்களுக்குத்தான் அந்தச் சனிக்கிழமையின் அருமை தெரியும்.

நாலாம் வரிசை மற்ற ஐந்தையும் முந்திக்கொண்டு வளர்ந்தது. செத்துப் பிழைத்த எட்டும் பிறகு வந்த நல்ல மழையில் நெடுநெடுவென்று போயின. தண்ணீர் குடித்துக் கிளம்பிய பதினேழும் சொந்த மண் என்பதால் குறை வைக்கவில்லை. ஒரே ஒரு விஷயம் யாழினியைக் குடைந்தது. எட்டு மரம் முன்னதாகப் பூத்தது, பதினேழு மரம் ஒரு மாதம் கழித்துப் பூத்தது. "ஒரே ஊரு விதை, ஏன்க்கா ரெண்டு பூ?" என்று கேட்டுவிட்டு, அதற்கும் ஏதோ ஒரு காரணம் கண்டுபிடித்துப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். மருதாள் அன்றைக்கு முழுக்கத் தலை நிமிரவில்லை. யாழினிக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது, வேலை கிடைத்தது. எல்லாம் நாலாம் வரிசையை வைத்துத்தான்.

இந்த வருஷம் ஆனி மாதம் ஒரு புதன்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு கார் வந்தது. ஒன்றிலிருந்து யாழினி இறங்கினாள். இன்னொன்றிலிருந்து முதலாளி சிவசுப்பிரமணியமும், வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவரும் இறங்கினார்கள்.

"அக்கா, நம்ம நாலாம் வரிசைக்கு யோகம் வந்துருச்சு," என்றாள் யாழினி. முகம் அப்படிப் பூரித்திருந்தது. "சாரோட கம்பெனியும் இன்னும் பத்துக் கம்பெனியும் சேர்ந்து, காங்கயம், தாராபுரம் பக்கம் மேய்ச்சக் காடு வெச்சிருக்கற விவசாயிங்களுக்கு ஒரு லட்சம் வெள்வேல நாத்துக் குடுக்கறாங்க. எல்லாம் மலையடிவாரத்து விதை. ஆள் போட்டு விதை சேர்க்க ஆரம்பிச்சாச்சு."

"ஒரு டி-சர்ட்டுக்கு ஒரு மரம்," என்றார் முதலாளி. "டேக்லயே மரத்தப் படமாப் போட்டுடறோம். வெளிநாட்டுக்காரனுக்கு அது ரொம்பப் புடிக்குது. விழாவுல உனக்குத்தான் மருதாளு பொன்னாடை. டாக்டரம்மா கண்டிசனாச் சொல்லீட்டாங்க."

இத்தனை நாள் அது ஒரு பேரேட்டுக்குள் கிடந்த தப்பு. யாருக்கும் அதனால் ஒரு முள்ளும் குத்தவில்லை என்று மருதாள் தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். இப்போது அது ஒரு லட்சம் குழிக்குள் இறங்கப் போகிறது. ஒரு கோடை பொய்த்தால் மூன்றில் ரெண்டு குச்சியாகிவிடும். அதை அறிந்தவள் உலகத்தில் அவள் ஒருத்திதான்.

பெரியவரின் பெயர் அய்யாசாமி. காங்கயத்துக்குக் கிழக்கே பன்னிரண்டு ஏக்கர் மேய்ச்சல் காடு, அறுபது ஆடு. முதலில் நடப்போகிறவர் அவர்தான் என்று காட்டுவதற்குக் கூட்டி வந்திருந்தார்கள். அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்காமல் நேராக மரத்துப் பக்கம் போனார். பட்டையைத் தடவினார், ஒரு கிளையை வளைத்து முள்ளைப் பார்த்தார், கீழே கிடந்த பழைய காயை எடுத்துக் கடித்துத் துப்பினார். நாலாம் வரிசையின் பதினோராவது மரம் அது.

"நம்ம காட்டு மரமாட்டவே இருக்குதுங்களே," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். "மலையடிவாரத்து மரமுங்கய்யா அது," என்றாள் யாழினி.

"அப்பிடீங்களா? நாம கண்டமா. காயி ருசிகூட நம்ம பக்கத்துதாட்டந்தான் இருக்குது." பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே மருதாளிடம் வந்தார். மற்றவர்கள் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தார்கள். "ஏனுங்க அம்மிணி, அவுங்க படிச்சவுங்க, சொல்லுவாங்க. நீங்கதான் கூடவே கெடந்தது. நெசமாச் சொல்லுங்க, கோடைக்குத் தாக்குப் புடிக்குமுங்களா? எனக்கு எழுபத்தி மூணாச்சு. எங்கப்பன் வெச்ச மரம் பாதி பட்டுப்போச்சு, ஆடு நிக்க நெழலில்ல. இப்ப ஒருக்கா வெக்கலாம். செத்துப்போச்சுன்னா மறுக்கா வெச்சு வளத்த எனக்கு நாளில்லீங்க."

மருதாள் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நீங்களே பார்க்கறீங்களேங்க, எப்படி நிக்குதுன்னு."

"அதுஞ் செரி," என்றார். நம்பிவிட்டார். கும்பிட்டுவிட்டுப் போனார்.

கார் போன புழுதி அடங்கிய பிறகும் அவள் அங்கேயே நின்றாள். தூ என்று தன்னைத் தானே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது. பொய்யும் சொல்லாமல் மெய்யும் சொல்லாமல் ஒரு கிழவரை ஏமாற்றி அனுப்பிய கெட்டிக்காரத்தனம் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. சொன்னால் யாழினி போய்விடுவாள். அதில் சந்தேகமே இல்லை. சொல்லாவிட்டால் யாழினி வருவாள், ஒவ்வொரு இரண்டாவது சனிக்கிழமையும் வருவாள், அய்யாசாமியின் காட்டில் குச்சி குச்சியாகக் காய்ந்து நிற்கிற வரைக்கும் வருவாள். மத்தியானம் மருதாள் போன் போட்டாள். "மீட்டிங்ல இருக்கேன்க்கா, அப்புறமாக் கூப்பிடறேன்," என்றாள் யாழினி. கூப்பிடவில்லை. வேலை இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் மங்கலம் வரைக்கும் நடந்து, சோமனூர் வழியாகப் போகிற பஸ் பிடித்து, கோயம்புத்தூர் போனாள். ஒன்பது வருஷத்தில் யாழினிதான் அவளைத் தேடி வந்திருக்கிறாள்; அவள் யாழினியைத் தேடிப் போனதில்லை. ஆபீஸ் வாசலில் காவல்காரர் நோட்டை நீட்டினார்.

"டாக்டரம்மாவுக்கு நீங்க யாருங்க? ஒறம்பரைங்களா, சொந்தமுங்களா?"

"காட்டுல இருக்கறனுங்க," என்றாள் மருதாள். அவர் அதையே எழுதிக்கொண்டார்.

யாழினியின் அறையில் நாலு பேர் இருந்தார்கள், இரண்டு போன் அடித்தது, யாரோ சிரித்துக்கொண்டே எதையோ கேட்டுவிட்டுப் போனார்கள். காட்டில் தன்னோடு தட்டைப் பங்கு போட்டுக்கொள்கிற பெண்ணுக்கு இத்தனை ஜனம் இருக்கும் என்று மருதாள் நினைத்துப் பார்த்ததில்லை. தனக்கு அவள் மட்டும்தான். அவளுக்குத் தான் மட்டுமா? அந்தக் கேள்வி அவள் கேட்காமலே வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. ஆனால் சுவரில் பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தது. நாலாம் வரிசை. அதன் முன்னால் அளவுக் கம்பைப் பிடித்துக்கொண்டு மருதாள்.

"அக்கா! இங்கெங்கீங்க? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"உங்ககிட்டத் தனியாப் பேசோணுங்க கண்ணு."

மற்றவர்கள் வெளியே போனார்கள். உட்காரச் சொல்லியும் மருதாள் உட்காரவில்லை. பஸ்ஸில் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். எல்லாம் மறந்துவிட்டது.

"நாலாம் வரிசையில பதினேழு, மலையடிவாரத்துச் செடி இல்லீங்க. அது மொதக் கோடையிலயே செத்துப்போச்சுங்க. நான்தான் காங்கயத்து நாத்த எடுத்து வெச்சு நம்பரைக் குத்தினேன்."

யாழினி சிரிக்கப் பார்த்தாள். பாதிச் சிரிப்பில் முகம் நின்றுவிட்டது.

"என்னக்கா சொல்றீங்க?"

"மத்த வரிசையிலயும் அஞ்சு. அது அந்தந்த ஊரு நாத்தேதானுங்க. நாலுல மட்டுந்தான் லாட்டு மாறுனது."

"எது எது?"

"ரெண்டு, மூணு, அஞ்சு, ஆறு, ஏழு, ஒம்போது. பதினொண்ணுலருந்து பதினாலு வரைக்கும். பதினாறு, பதினேழு. பத்தொம்போது, இருவது. இருவத்திரெண்டு, இருவத்திமூணு. இருவத்தஞ்சு."

யோசிக்காமல், தடுமாறாமல் சொன்னாள். யாழினிக்கு அதற்கு மேல் சந்தேகம் இல்லை. பின்னால் பூத்த மரங்களின் பட்டியல் அவளுக்கும் மனப்பாடம்தான். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"ஒண்ணுகூடக் குறையக் கூடாதுன்னு சொல்லீட்டுப் போனீங்க."

"நம்பர் தகடு தொலையக் கூடாதுன்னு சொன்னேன்! செடி செத்தா செத்ததுன்னு எழுதியிருப்பனேக்கா! இருபத்தஞ்சுல பதினேழு போச்சுன்னா அதுதான் பதிலு. அதைத் தெரிஞ்சுக்கறதுக்குத்தான் அத்தனை ஊரு சுத்தி விதை கொண்டாந்தேன். செத்த செடி குறை இல்லக்கா. அதுவும் ஒரு கணக்கு."

குறைந்து போனதும் ஒரு கணக்கு என்று பத்தொன்பது வருஷத்தில் ஒருத்தரும் மருதாளுக்குச் சொன்னதில்லை. கம்பெனியில் குறைந்தால் திட்டு, அவ்வளவுதான்.

"ஆரம்பத்துலதான் தெரியல. அப்புறம்? ஒன்பது வருஷம். மாசாமாசம் எங்கூட உக்காந்து சோறு தின்னீங்க. ஏன் ரெண்டு பூவுன்னு உங்ககிட்டத்தான் கேட்டேன். அப்பவும் சொல்லல."

"சொன்னா நீங்க வர மாட்டீங்கன்னு பயமுங்க கண்ணு."

யாழினி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். "நீங்க போங்க," என்றாள். பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா என்று எப்போதும் கேட்கிறவள் கேட்கவில்லை.

இரண்டாவது சனிக்கிழமை வந்தது, யாழினி வரவில்லை. அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் தனியாக வந்தாள். கையில் புதிதாக ஒரு நோட்டு. மருதாள் வழக்கம்போல அளவுக் கம்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"கம்பு வேண்டாம். இன்னைக்கு அளவு இல்லை," என்றாள் யாழினி. "நான் நம்பர் சொல்றேன். மொதக் கோடை முடியறப்ப அது உசுரோட இருந்துச்சா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. மொதல்லருந்து எழுதிக் குடுக்கணும்."

"விதை சேர்க்கறது...?"

"நிறுத்தியாச்சு. நான் எழுதுனது தப்புன்னு நானே எழுதிக் குடுத்துட்டேன். அய்யாசாமி அய்யாவுக்கு அவங்க பக்கத்து விதையையே தேடிக் குடுக்கறாங்க."

மருதாளுக்கு மூச்சு சீராக வந்தது. அந்த ஒரு நிமிஷம்தான். பிறகு முதல் வரிசையில் ஆரம்பித்தார்கள். ஒன்று-ஒன்று, இருந்ததுங்க. ஒன்று-இரண்டு, இருந்ததுங்க. வெயில் ஏறிக்கொண்டே வந்தது. மூன்று வரிசை முடிந்தது. நாலாம் வரிசைக்கு வந்தார்கள்.

"நாலு-ஒண்ணு?"

"இருந்துச்சுங்க."

"நாலு-ரெண்டு?"

இருபதடி மரம். தலைக்கு மேல் கிளை பரப்பிக்கொண்டு, அவர்கள் இரண்டு பேர் மேலும் நிழலைப் போட்டுக்கொண்டு நின்றது. உள்ளே ஏதோ குருவி சத்தம் போட்டது.

"செத்துப்போச்சுங்க," என்றாள் மருதாள்.

யாழினி எழுதினாள்.

"நாலு-மூணு?"

"செத்துப்போச்சுங்க."

ஒவ்வொரு மரத்துக்கும் முன்னால் நின்று சொன்னாள். முதல் மூன்று, நாலு வரைக்கும் குரல் சரியாக வந்தது. பதினொன்றுக்கு வந்தபோது உடைந்தது. குழி தோண்டியவள் அவள், ஆடு கடிக்காமல் முள் கட்டியவள் அவள், கரையான் ஏறிய வருஷம் ஒவ்வொரு தூரையும் கையால் சுரண்டியவள் அவள். பேச ஆளில்லாத நாளில் நம்பர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசியது இவற்றோடுதான். ஒவ்வொன்றின் முகத்துக்கு நேராகவும் நீ செத்துவிட்டாய் என்று சொல்ல வேண்டியிருந்தது. யாழினி தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டே வந்தாள். இருபத்தைந்து வரை பதினேழு தடவையும் மருதாள் சொல்லி முடித்தாள். ஒன்றுகூட மாற்றிச் சொல்லவில்லை.

ஆறு வரிசையும் முடிய மத்தியானம் ஆகிவிட்டது. யாழினி நோட்டை மூடிக் காரில் வைத்தாள்.

"சாப்புட்டுப் போலாமுங்க. பருப்பு கடைஞ்சிருக்கேன்," என்றாள் மருதாள்.

"இல்லீங்க, போகணும்."

அவள் அக்கா என்று சொல்லவில்லை என்பதைக் கவனித்தும் மருதாள் கவனிக்காததுபோல நின்றாள்.

"இனிமே மாசாமாசம் அளக்க வேண்டியதில்லை. வருஷத்துக்கு ஒருக்காப் போதும். யாரையாவது அனுப்பறேன்."

"சரிங்க." பிறகு கேட்டாள், "அந்தப் பதினேழையும் வெட்டீறணுமுங்களா?"

யாழினி காருக்குள் ஒரு காலை வைத்தவள் அப்படியே நின்று நாலாம் வரிசையைப் பார்த்தாள். நல்ல மரங்கள்தான். யார் பார்த்தாலும் சொல்வார்கள்.

"வேண்டாம், நிக்கட்டும். கணக்குல மட்டும் இருக்காது."

கார் கிளம்பிப் போயிற்று. மருதாள் உள்ளே போய்த் தட்டில் சோற்றைப் போட்டு, எடுத்துக்கொண்டு வந்து, நாலாம் வரிசையின் இருபத்தைந்தாவது மரத்தடியில் உட்கார்ந்தாள். பசித்தது. சாப்பிட்டாள்.